சோம்பல் அலைக்கு எந்த லாங்போர்டு? எதை அளந்து பார்த்து வாங்குவது?

மணல்திட்டு:

வணக்கம். இரண்டு வருடமாக 7 அடி 6 அங்குல சர்ஃப் போர்டு ஒன்றில்தான் அலைச்சறுக்கு ஓட்டுகிறேன். எடை 74 கிலோ, உயரம் 5 அடி 9 அங்குலம். எழுந்து நிற்பதில் இப்போது சிக்கல் இல்லை, கொஞ்சம் செங்குத்தாக வரும் அலை கிடைத்தால் இடமும் வலமும் திரும்பி அலையின் முகத்திலேயே ஓட முடிகிறது. ஆனால் அப்படிப்பட்ட அலை மாதத்தில் நான்கைந்து நாள் கிடைத்தால் அதிகம். நான் இறங்கும் இடத்தில் அடிமணல் மிக மெதுவாகச் சரிகிறது. அலை முட்டியளவு, நல்ல நாளில் இடுப்பளவு. தூரத்திலேயே எழும்பி, இதோ உடையப்போகிறது என்று காட்டி, உடையாமல் தயங்கி, தலையில் மட்டும் கொஞ்சம் நுரை வழிந்து, அப்படியே தொளதொளவென்று கரை வரைக்கும் நகர்ந்து போகும். கடலிலிருந்து காற்று ஏறிவிட்டால் இன்னும் மோசம்.

என் போர்டில் இந்த அலையைப் பிடிக்கவே முடிவதில்லை. போர்டில் படுத்தபடி ஏழெட்டு முறை கையால் தண்ணீரைத் தள்ளி வேகமாகப் பேடில் செய்கிறேன், அலை அடியில் வந்து வாலைத் தூக்குகிறது, மூக்கு கொஞ்சம் கீழே சாய்கிறது, அப்புறம் அலை என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விடுகிறது. தப்பித்தவறிப் பிடித்தாலும் பத்து மீட்டரில் வேகம் செத்து நின்றுவிடுகிறேன். பக்கத்தில் லாங்போர்டில், அதாவது ஒன்பது பத்தடி நீளப் போர்டில், வரும் ஒருவர் அதே அலையில் கரை வரை போகிறார், என்னைவிடக் கனமான ஆள்.

அதனால் லாங்போர்டு வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். எதை என்பதுதான் தெரியவில்லை. ஒருவர் 9 அடி போதும், மெலிதாக, மூன்று ஃபினோடு (வாலுக்கு அடியில் மாட்டும் துடுப்பு) எடு, பிறகு பெரிய அலைக்கும் ஆகும் என்கிறார். இன்னொருவர் சிறிய அலை என்றாலே நோஸ்ரைடர்தான் (மூக்கு வரை நடந்துபோய் நிற்பதற்கான போர்டு), 9 அடி 6 அங்குலத்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடு என்கிறார். மூன்றாவது ஆள் லிட்டரை, அதாவது போர்டின் கொள்ளளவை, மட்டும் பார், 80 லிட்டர் இருந்தால் எதுவும் போகும் என்கிறார். முன்பு ஒருமுறை இப்படிப் பேச்சைக் கேட்டு ஒரு போர்டை வாங்கி ஆறு மாதம் அவதிப்பட்டேன். இந்த முறை காரணம் புரிந்து வாங்க வேண்டும். எதைப் பார்ப்பது, எதை அளப்பது?

பிசின்கை:

நான் போர்டு பழுது பார்க்கிறவன், அவ்வப்போது செய்யவும் செய்கிறேன். ராக்கரைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். போர்டைப் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கும்போது அடிப்பக்கம் மூக்கிலிருந்து வால் வரை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதுதான் ராக்கர். நீளம், அகலம், தடிமன், லிட்டர் எல்லாம் பெரும்பாலும் போர்டிலேயே எழுதியிருக்கும், ராக்கரை எழுதமாட்டார்கள். உங்கள் அலையில் ஓடுமா நிற்குமா என்று முடிவு செய்வது அதுதான்.

ஏன் என்று கேட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சோம்பல் அலை என்கிறோம், ஆனால் அது மெதுவாகப் போகிறது என்று நினைக்க வேண்டாம். கரை நெருங்கியபின் அலையின் வேகத்தைத் தண்ணீரின் ஆழம்தான் தீர்மானிக்கிறது. இடுப்பளவு அலை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் உடையும், ஒரு மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. நீங்கள் உயிரைக் கொடுத்துப் பேடில் செய்தாலும் மணிக்கு 5, 6 கிலோமீட்டர்தான் வரும். மீதி வேகத்தை யார் தருவது? செங்குத்தான அலையில் அந்தச் சரிவு தருகிறது, மலையிலிருந்து வண்டி உருள்வது போலக் கீழே விழுந்து வேகம் எடுத்துவிடுவீர்கள், போர்டு எப்படி இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. உங்கள் இடத்தில் அடிமணல் மெதுவாகச் சரிவதால் அலை சிறிது சிறிதாக உடையும் எல்லைக்கு வருகிறது, தலையில் நுரை வழிகிறது, முகம் கடைசிவரை படுத்தே கிடக்கிறது. சரிவு இல்லாததால் அந்த வேக வித்தியாசத்தில் பெரும்பங்கைப் போர்டு தன் உருவத்தாலேயே ஈடு செய்ய வேண்டும்.

அதற்கு முதலில் நீளம். தண்ணீரில் படும் நீளம் கூடினால் அதே உழைப்புக்கு வேகம் கூடும், படகுக்கும் அதே கணக்குத்தான். அப்புறம் அகலமும் தட்டையும். அலை தூக்கும்போது போர்டு தண்ணீருக்குள் உழாமல் மேலே ஏறி வழுக்க வேண்டும், அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் சீக்கிரம் ஏறும், வளைந்திருந்தால் தனக்கு முன்னால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். உங்கள் 7 அடி 6 செய்வது அதைத்தான் என்று நினைக்கிறேன். 9 அடியில் மெலிதான, மூக்கு குறுகிய மூன்று ஃபின் போர்டும் அதையே செய்யும், ஏனென்றால் அந்த வகைக்குச் செங்குத்தான அலையில் சட்டென்று திரும்புவதற்காக ராக்கரைக் கூட்டியிருப்பார்கள். நல்ல போர்டுதான், உங்கள் கடலுக்கு ஆகாது.

லிட்டர் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 22 அங்குல அகலத்தில் 3½ அங்குலத் தடிமனும், 23½ அங்குல அகலத்தில் 3 அங்குலத்துக்குச் சற்று கூடுதல் தடிமனும் ஏறக்குறைய ஒரே லிட்டரைக் காட்டும். மிதப்பதில் இரண்டும் ஒன்று. வழுக்குவதில் அகலமானதுதான் போகும், தடித்த ஓரம் தண்ணீரில் சாயவும் மறுக்கும். உங்கள் எடைக்கு 70 முதல் 80 லிட்டருக்குள் எதுவும் சரி, அதற்கு மேல் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

நான் தேடச் சொல்வது 9 அடி 6 முதல் 10 அடி வரை, அகலம் 23 அங்குலத்துக்குக் குறையாமல், மூக்கிலிருந்து ஒரு அடி கீழே அளந்தால் 18 அங்குலத்துக்கு மேல், வால் சதுரமாகவோ சதுரத்தின் மூலையை மழித்தது போலவோ. ஊசிவால் வேண்டாம், அது பெரிய அலையில் பிடிப்பு தருவதற்கு. வாலுக்கு அருகில் அடிவிளிம்பு கூராக இருந்தால் நல்லது, அடியில் ஓடும் தண்ணீர் அங்கே ஒட்டிக்கொள்ளாமல் பிரிந்து போகும். ஹவாயில் பழைய காலத்தில் தலைவர்கள் ஓட்டிய ஓலோ என்ற பலகைகள் மிக நீளமானவை, இன்னும் உடையாத, படுத்த அலையில் போவதற்கானவை. செங்குத்தாக உடையும் அலைக்கு அலாயா என்ற குட்டைப் பலகை தனியாக இருந்தது. அலைக்கு ஏற்றபடி பலகை என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது, எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கும்.

ஒன்பதரை:

பிசின்கை சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன், ஆனால் நோஸ்ரைடரை அவர் பேசாமல் தாண்டிப் போய்விட்டார், அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிறிய அலை என்றதும் எல்லோரும் வாங்குவது அதுதான், நானும் வாங்கினேன்.

நோஸ்ரைடரின் அகலமான மூக்கும், மூக்குக்கு அடியில் இருக்கும் குழிவும் உங்களுக்கு உதவும். வால்தான் சிக்கல். நீங்கள் மூக்குக்கு நடந்துபோய் நிற்கும்போது பின்பக்கத்தை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் வாலை மேல்நோக்கி நன்றாக வளைத்து, ஓரங்களை உருண்டையாக விட்டிருப்பார்கள். அலையின் தண்ணீர் அந்த வால் மீது ஏறி வழிந்து அதைக் கீழே அழுத்திப் பிடிக்கும், முன்னால் நீங்கள் நிற்கலாம். இது நடக்க அலையில் செங்குத்தான ஒரு இடம் வேண்டும், வாலை அதற்குள் வைக்க வேண்டும். தண்ணீர் மேலே ஏறாத படுத்த அலையில் அந்த வளைந்த வால் வெறும் பிரேக்.

நான் இரண்டு வருடம் அந்தப் பிரேக்கோடுதான் ஓட்டினேன். என் உடம்பில்தான் குறை என்று நினைத்துத் தினமும் நீச்சல் பயிற்சி செய்தேன், எடையைக்கூடக் குறைத்தேன். ஒருநாள் தண்ணீரில் ஒருவர் தன் தட்டையான பழைய போர்டைக் கொடுத்து என்னுடையதை வாங்கிக்கொண்டார், முதல் அலையிலேயே விடை தெரிந்துவிட்டது. பேடில் செய்வதை நிறுத்திய பிறகும் போர்டு போய்க்கொண்டே இருந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். நன்றாக நடக்கத் தெரிந்தவருக்கு நோஸ்ரைடர் இந்த அலையிலும் ஓடும், ஏனென்றால் இரண்டடி முன்னால் நடந்ததும் அந்த வளைந்த வால் தண்ணீரைவிட்டுக் கொஞ்சம் மேலே வந்துவிடுகிறது, இழுவை குறைகிறது. 7 அடி 6 அங்குலத்தில் நடக்க இடமே கிடையாது, அதனால் உங்களுக்கு நடை இன்னும் பழகியிருக்காது என்றே நினைக்கிறேன். தட்டையான போர்டில் நடக்கப் பழகுங்கள், நோஸ்ரைடர் அப்புறம் வாங்கலாம்.

உப்புக்காற்று:

எடையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, போர்டின் எடையை. நான் 53 கிலோ, வயது 47, இருபது வருடமாக லாங்போர்டு மட்டும்தான், ஏறக்குறைய உங்களுடையதைப் போன்ற கடலில்தான் பெரும்பாலும். கனமான போர்டு, லேசான போர்டு இரண்டும் வைத்திருக்கிறேன், இரண்டும் ஒன்பதரை அடி. ஒன்று பாலியூரிதேன் நுரையில் நடுவில் நீளவாக்கில் மெல்லிய மரப்பலகைப் பட்டை வைத்து, ஃபைபர்கிளாஸ் துணியைத் தடிமனாகப் போட்டுச் செய்தது, 10 கிலோவுக்கு மேல் இருக்கும். மற்றது இபிஎஸ் நுரையில் (தெர்மாகோல் வகை) எபாக்சி பிசின் பூசியது, 7 கிலோகூட வராது.

கனமானது கிளம்புவதற்கு நேரம் எடுக்கும், கிளம்பிவிட்டால் நிற்காது. அலை நடுவில் படுத்துப்போய் மறுபடி எழும்பும் அந்த இடைவெளி இருக்கிறதே, நீங்கள் பத்து மீட்டரில் நின்றுவிடுகிறேன் என்று சொன்ன இடம், அதைக் கனமான போர்டு தன் ஓட்டத்திலேயே தாண்டிவிடும். காற்றில் தண்ணீர் கொசகொசவென்று குலுங்கும்போதும் அது குதிக்காமல் அறுத்துக்கொண்டு போகும். லேசானது முட்டியளவு அலையில் சட்டென்று எழும்பும், திருப்புவது எளிது, ஆனால் காற்று அடித்தால் கையிலும் நிற்காது தண்ணீரிலும் நிற்காது. காற்றில்லாத விடியற்காலையில் லேசானது, காற்று வந்தபின் கனமானது என்றுதான் நான் எடுத்துப்போகிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், 74 கிலோ ஆளுக்கு, நடுத்தரத்துக்கு மேல் கனமானதையே சொல்வேன்.

ஆனால் எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இதைச் சொன்னால் சிலர் சின்ன விஷயம் என்பார்கள், எனக்குப் பெரிய விஷயம். 23 அங்குல அகலப் போர்டு என் கைக்குள் அடங்காது, தலையில் வைத்துத்தான் போகிறேன். சுமக்கச் சலித்துப்போய் வாரத்தில் இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் விட்டால் அந்தப் போர்டு எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை. வாங்குமுன் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள்.

இன்னொன்று, பாதுகாப்பு. சோம்பல் அலை என்பதால் கற்றுக்கொள்பவர்களும் குழந்தைகளும் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். 10 கிலோ போர்டு ஒன்று லீஷோடு (போர்டைக் காலோடு கட்டும் கயிறு) சேர்த்து இருபது அடி தூரத்துக்கு வீசப்படும். எதிரே நுரை வந்தால் போர்டை விட்டுவிட்டு மூழ்கும் பழக்கம் இருந்தால் அதை முதல் நாளே நிறுத்துங்கள். போர்டோடு தலைகீழாகப் புரண்டு, இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்து, நுரையை மேலே போகவிடுங்கள். லீஷ் குறைந்தது 9 அடி இருக்கட்டும், முட்டிக்குக் கீழே கட்டும் வகை என்றால் நடக்கும்போது காலில் சிக்காது.

மணல்திட்டு:

எல்லோருக்கும் மிக்க நன்றி, குறிப்பாக அந்த 11 கிலோமீட்டர் கணக்கைப் படித்ததும் இரண்டு வருடக் குழப்பம் தெளிந்தது போல இருந்தது.

இரண்டு பழைய போர்டு பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 9 அடி 6, அகலம் 23¼, நோஸ்ரைடர் என்று சொல்லித்தான் விற்கிறார். பார்க்க அழகு, ஒரு கீறல் இல்லை. இரண்டாவது 9 அடி 8, அகலம் 23, தடிமன் 3 அங்குலம், மூலை மழித்த சதுரவால், பாலியூரிதேன், நல்ல எடை. மஞ்சளாகிவிட்டது, ஓரத்தில் கையளவுக்கு ஒரு பழைய ஒட்டு, மேல்பக்கம் குதிகால் பட்ட பள்ளங்கள் நிறைய. இரண்டின் ராக்கரையும் எப்படி அளப்பது? கண்ணால் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒட்டுப் போட்டதை வாங்கலாமா? உப்புக்காற்று அக்கா சொன்னபடி இரண்டாவதைத் தலையில் வைத்து நடந்தும் பார்த்தேன், என்னால் முடியும்.

பிசின்கை:

அளப்பது எளிது. போர்டைக் குப்புற, அதாவது அடிப்பக்கம் மேலே வரும்படி வையுங்கள். ஃபினைக் கழற்றிவிடுங்கள். வளையாத நேரான நீளக் குச்சி அல்லது அலுமினியச் சட்டம் ஒன்றை நடு மரப்பட்டையின் மேல் நீளவாக்கில் வைத்து, போர்டின் சரிபாதி நீளத்தில் அது படும்படி சமமாகப் பிடியுங்கள். மூக்கு நுனியில் சட்டத்துக்கும் போர்டுக்கும் எவ்வளவு இடைவெளி, வால் நுனியில் எவ்வளவு என்று அளந்தால் அதுதான் ராக்கர். அதோடு வளைவு எங்கே தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். நடுவில் நீண்ட தூரத்துக்குச் சட்டத்தோடு ஒட்டியே போய், கடைசியில் மட்டும் மெல்ல விலகினால் ஓடும். நோஸ்ரைடரில் வால் பகுதியில் கடைசி ஒன்றரை அடியில் திடீரென்று எழும்பும், விரலை ஓட்டினாலே தெரியும். வாலில் இடைவெளி 3 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் உங்களுக்கு நல்லது, 4 தாண்டினால் விட்டுவிடுங்கள்.

ஒட்டைப் பற்றி: பழைய ஒட்டு இருப்பதே குறை ஆகாது, தண்ணீர் போகிறதா என்பதுதான் கேள்வி. ஒட்டின் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள், மாட்டினால் அங்கே பிளவு இருக்கிறது. பெருவிரலால் மேல்பக்கம் முழுக்க அழுத்திக்கொண்டே போங்கள், எங்காவது துணி நுரையைவிட்டுப் பிரிந்திருந்தால் மெத்தென்று உள்ளே போய் வெளியே வரும், அது நிற்கும் இடத்தில் இருந்தால் வாங்க வேண்டாம். குதிகால் பள்ளம் எல்லாப் போர்டிலும் விழும், பயமில்லை. நடு மரப்பட்டையைக் குறுக்கே கடக்கும் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், இருந்தால் ஒருமுறை உடைந்து ஒட்டியது என்று அர்த்தம். ஃபினைச் செருகும் பெட்டியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் கேளுங்கள், அதைச் சரிசெய்துவிடலாம்.

பிற்பாடு நீங்களே பழுது பார்க்க நினைத்தால் ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். பாலியூரிதேன் போர்டுக்கு பாலியெஸ்டர் பிசினும் ஆகும், எபாக்சியும் ஆகும். இபிஎஸ் போர்டுக்கு எபாக்சி மட்டும்தான். நான் தொழில் பழகிய காலத்தில் அவசரத்தில் டப்பா மாறிப்போய் இபிஎஸ் போர்டில் பாலியெஸ்டரை ஊற்றிவிட்டேன், கண்ணெதிரே நுரை கரைந்து முஷ்டி அளவுக்குக் குழி விழுந்தது. இன்னொருவருடைய போர்டு. அதைச் சொல்லி, வேறு போர்டு செய்து கொடுத்தேன்.

மெல்லலை:

போர்டு சரியாகிவிட்டால் ஃபினைப் பற்றி யோசியுங்கள், அது நினைப்பதைவிட அதிகம் மாற்றும். மூன்று ஃபின் பெட்டி இருந்தாலும் ஓரத்து ஃபின் இரண்டையும் கழற்றிவிடுங்கள், படுத்த அலையில் அவை இழுவை மட்டும்தான். நடுவில் 9 அல்லது 9½ அங்குலம். பத்தடிக்குப் பத்தங்குலம் என்று சொல்லும் கணக்கு ஒரு தொடக்கம்தான், சிறிய அலைக்கு அதிலிருந்து அரை அங்குலம் குறைக்கலாம். நிமிர்ந்து நிற்கும் அகலமான ஃபின் மூக்கில் நிற்பவர்களுக்கானது. உங்களுக்கு அடி அகலமாகவும் நுனி குறுகலாகவும் பின்னோக்கிச் சாய்ந்த, நுனி கொஞ்சம் வளைந்துகொடுக்கும் ஃபின் பொருந்தும். ஃபின் வடிவமைப்பாளர் ஜார்ஜ் கிரீனோ மீன் துடுப்பைப் பார்த்து உருவாக்கிய வழி அது. 1966-இல் சான் டியாகோவில் நடந்த உலக சர்ஃபிங் போட்டியில் ஆஸ்திரேலிய வீரர் நாட் யங் அப்படிப்பட்ட ஃபின் வைத்த 9 அடி 4 அங்குலப் போர்டில்தான் வென்றார். திருப்பி முடித்ததும் அது உங்களை முன்னால் தள்ளிவிடுவது போல ஒரு உணர்வு வரும், சோம்பல் அலையில் அந்தச் சின்னத் தள்ளலும் பெரிய உதவி.

ஃபினை முதலில் பெட்டியின் நடுவில் வையுங்கள். போர்டு திரும்ப மறுத்தால் கால் அங்குலம் முன்னால், வால் வழுக்கினால் கால் அங்குலம் பின்னால். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும், இல்லையென்றால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

இன்னும் ஒரு விஷயம். லாங்போர்டு வந்ததும் அலைக்குக் காத்திருக்கும் இடத்தையும் மாற்ற வேண்டும். இப்போது நீங்கள் அலை நுரைக்கும் இடத்தில் உட்காருகிறீர்கள், இனி அதற்கு வெளியே பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி உட்காருங்கள். அலை உங்களை அடைவதற்கு முன்பே போர்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அலை வாலைத் தூக்கும் நொடியில் நெஞ்சைத் தூக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு, நெஞ்சு எழும்பினால் வால் அமுங்கிவிடும், அலை தப்பிவிடும். முகவாயைப் போர்டில் படும் அளவுக்குத் தாழ்த்தி, இன்னும் இரண்டு மூன்று முறை நீளமாகப் பேடில் செய்து, போர்டு தானாக வழுக்குகிறது என்று உறுதியான பிறகு எழுந்திருங்கள். எழுந்ததும் பின்னங்கால் வாலில் இருக்கக் கூடாது, வழக்கத்தைவிட ஒரு அடி முன்னால் நில்லுங்கள். அலை நடுவில் படுத்துப்போனால் இன்னும் ஒரு எட்டு முன்னால். நுரை பின்னால் தங்கிவிட்டால் மட்டும் பின்னால் வந்து, அகலமாகத் திரும்பி, நுரையை நோக்கிப் போய் மறுபடி முன்னால் பாருங்கள். இந்த அலையில் இருக்கும் கொஞ்ச சக்தி நுரைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதைவிட்டு ஓடினால் போர்டு எதுவாக இருந்தாலும் நின்றுவிடும்.

உப்புக்காற்று:

மெல்லலை சொன்னதோடு நீர்மட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது ஆழம் கூடிவிடுவதால் அலை உடையவே யோசிக்கும், வற்றம் பாதியளவுக்கு வந்தால் அதே அலை கொஞ்சம் நிமிரும். ஒரு மாதம் எந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று எழுதிவைத்தேன், அப்புறம்தான் என் மணல்திட்டு எனக்குப் புரிந்தது.

மணல்திட்டு:

பத்து நாள் கழித்து வருகிறேன். அளந்தேன். அழகான நோஸ்ரைடரில் வாலில் நான்கரை அங்குலம், பிசின்கை சொன்ன மாதிரி கடைசியில் சட்டென்று எழும்புகிறது. மஞ்சள் போர்டில் மூக்கில் 4, வாலில் 2½, நடுவில் முழு ஆள் நீளத்துக்குச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது. ஒட்டின் விளிம்பில் நகம் மாட்டவில்லை. விற்பவர் நல்ல மனிதர், ஒரு காலை முழுக்க ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்.

அலை முட்டியளவுதான், ஏற்றம் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் மூன்று அலையில் மூக்கு குத்திவிட்டது, தட்டையான மூக்கு என்பதால் நேராகக் கீழே இறங்கினால் தண்ணீருக்குள் போய்விடுகிறது, நெஞ்சைத் தாழ்த்தும்போது நான் முன்னால் அதிகம் நகர்ந்தும் படுத்திருக்கிறேன். மூன்று அங்குலம் பின்னால் நகர்ந்து படுத்து, கிளம்பும்போதே கொஞ்சம் சாய்வாகத் திருப்பிக் கிளம்பினேன், மூக்கு குத்துவது நின்றுவிட்டது. நான்காவது அலை இன்னும் நுரைக்கவே இல்லை, வெறும் மேடுதான், அதில் போர்டு கிளம்பிவிட்டது. எழுந்து நின்று கீழே பார்த்தேன், தண்ணீர் கண்ணாடி மாதிரி, அடியில் மணல் ஓடுகிறது. நடுவில் படுத்த இடத்தில் ஒரு எட்டு முன்னால் வைத்தேன், தாண்டிவிட்டது. கரையில் ஃபின் மணலைத் தொடும்வரை போனேன். இரண்டு வருடத்தில் ஓட்டிய எல்லா அலையையும் சேர்த்தால்கூட அன்று காலை ஓட்டிய தூரம் வராது என்று தோன்றியது. திரும்பி நீந்தும்போது தொண்டை அடைத்துக்கொண்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

வாங்கிவிட்டேன். இப்போது ஒரே கேள்வி, 10 அங்குல நிமிர்ந்த ஃபின் ஒன்றுதான் அதோடு வந்தது, திருப்ப மிகவும் கஷ்டப்படுகிறேன். பெட்டியில் பின்கோடியில் இருக்கிறது, திருகு உப்பில் இறுகிப்போய் அசையவில்லை. உடைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பிசின்கை:

வலுக்கட்டாயம் வேண்டாம். வெந்நீரை ஃபினின் அடியில் திருகு இருக்கும் இடத்தில் மெதுவாக ஊற்றி, சில நிமிடம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள், உப்பு கரையும். கொதிக்கும் நீர் கூடாது, கை பொறுக்கும் சூடு போதும். திருப்புளி திருகின் பள்ளத்தில் முழுதாக உட்காருகிறதா என்று பார்த்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இழை திருப்பி, அப்புறம் தளர்த்துங்கள். வந்துவிட்டால் பழைய திருகையும் தகட்டையும் தூக்கிப்போட்டுவிட்டு துருப்பிடிக்காத எஃகில் புதியது போடுங்கள். 10 அங்குல ஃபினையே நடுவுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள், சிறியது வாங்குவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.